ஐம்பதை நெருங்கும் வயதில் நான்காம் தொடக்கம்: திருப்பூர் பவர் டேபிள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வு திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. கணவர் 1972இல் பிறந்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து 1991இல், பத்தொன்பதாம் வயதில், பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர். மனைவி பத்தாம் வகுப்பு தேறியவர். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர். இருவரும் சேர்ந்து 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை சொந்தமாகப் பவர் டேபிள் போட்டு, மூன்று முறையும் மூடினார்கள். நான்காவது முறையாக 2021இல் தொடங்கியது நிலைத்தது. அப்போது கணவருக்கு வயது நாற்பத்தெட்டு முடிந்திருந்தது.

சிறு யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் தொழில். சரக்கு மற்றும் சேவை வரி வந்த 2017 ஜூலையில், பதிவு எடுக்க வேண்டுமா என்று கேட்டு அவர் என்னிடம் வந்தபோதுதான் இந்தக் குடும்பம் எனக்கு அறிமுகம். அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி இங்கே எழுதியிருப்பது அவர்கள் சொன்னதையும், அவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த கணக்கு நோட்டுகளையும் கொண்டு எழுதியது. அவர்களுடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

திருப்பூரை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பனியன் துணியை வெட்டிக் கட்டாகக் கட்டிப் பெரிய கம்பெனி அனுப்பும். சில தையல் இயந்திரங்களைப் போட்டு, டெய்லர்களையும், தைத்த பீஸை எடுத்துக் கொடுத்து மடித்து உதவும் கைமடிகளையும் வைத்துக்கொண்டு, பீஸுக்கு இவ்வளவு கூலி என்று பேசித் தைத்துத் திருப்பி அனுப்புவதே பவர் டேபிள்காரர் தொழில். துணி அவருடையதல்ல, விற்பனையும் அவருடையதல்ல. சனிக்கிழமைதோறும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டியது மட்டும் அவருடைய பொறுப்பு.

முதல் முயற்சி: 2005 முதல் 2009 வரை

ஆயத்த ஆடை வணிகத்தில் உலக அளவில் இருந்த, நாட்டுக்கு இவ்வளவுதான் ஏற்றுமதி என்ற கோட்டா முறை 2005 ஜனவரி 1 முதல் முடிவுக்கு வந்ததும், ஏற்றுமதி ஆர்டர்கள் பெருகி, தைத்துக் கொடுக்க ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் அலைந்த காலம் அது. பதினான்கு ஆண்டு டெய்லராக இருந்த அவர், மனைவியின் நகையை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் வாங்கியும் ஆறு இயந்திரங்களோடு தொடங்கினார். வேலைக்குப் பஞ்சமே இல்லை. இரவு எட்டரை வரை ஓடும் ஒன்றரை ஷிப்ட், ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய வேலை என்று மூன்றாண்டுகள் ஓடின. தீபாவளிக்கு முன்பு டெய்லர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸில் ஒரு பகுதி ஆண்டுதோறும் திரும்பவில்லை. ஊருக்குப் போனவர்கள் வேறு யூனிட்டில் சேர்ந்துவிடுவார்கள். 2008இன் உலகப் பொருளாதார நெருக்கடியில் ஆர்டர் குறைந்தது. அவருக்கு வேலை கொடுத்துவந்த கம்பெனி பாக்கியை இழுத்தடித்தது. 2009 தொடக்கத்தில் இயந்திரங்களை விற்றுக் கடனின் பெரும்பகுதியை அடைத்தார்.

இரண்டாம் முயற்சி: 2010 முதல் 2011 வரை

இது குறுகியது, அதிகம் வலித்ததும் இதுவே. 2010 நடுவில் எட்டு இயந்திரங்களோடு தொடங்கினார். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது தொடர்பான வழக்கில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி இறுதியில் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயமேறாத துணியை வெட்ட முடியாது. வெட்டாத துணியைத் தைக்க முடியாது. நொய்யல் கரை விவசாயிகள் பல ஆண்டுகளாகப் பட்ட பாட்டை நினைத்தால் அந்த உத்தரவு நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் தவறு செய்யாத தையல்காரர்களும் அந்த அடியில் விழுந்தார்கள் என்பதும் உண்மை. நான்கு மாதம் வாடகையும் வட்டியும் மட்டும் ஓடின. ஆட்கள் ஊருக்குப் போனார்கள். அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த மூத்த மகள், அதை நிரப்பாமலேயே ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் முயற்சி: 2016 முதல் 2018 வரை

ஐந்தாண்டு கூலி வேலைக்குப் பிறகு, 2016 ஜூலையில், இந்த முறை ஏற்றுமதியை விட்டுவிட்டு உள்நாட்டு வியாபாரத்துக்காகத் தைக்கலாம் என்று தொடங்கினார். நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. வாரச் சம்பளம் முழுவதும் ரொக்கத்தில் நடக்கும் தொழிலில் அது எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அடுத்த ஆண்டு புதிய வரி. உடை தைக்கும் ஜாப் ஒர்க்குக்கு முதலில் 18 சதவீதம் என்று இருந்து, 2017 ஆகஸ்டில் 5 சதவீதமாகக் குறைக்கப்படும் வரையிலான வாரங்களில் பதிவில்லாத யூனிட்டுகளுக்கு வேலை கொடுக்கக் கம்பெனிகள் தயங்கின. 2018 பிப்ரவரியில் யூனிட்டை மூடியபோது வெளிக்கடன் 4,60,000 ரூபாய்.

நோட்டுகளில் கண்டது

உறவினர்கள் அனைவரும் ஒரே மாதிரிதான் ஆறுதல் சொன்னார்கள்: நேரம் சரியில்லை, விடாமல் முயன்றால் ஒருநாள் விடியும். அவரும் அப்படித்தான் நம்பினார். மூன்று தோல்விக்கும் ஊரறிந்த காரணம் ஒன்று இருந்தது. 2008, 2011, 2016 என்று ஆண்டைச் சொன்னாலே கேட்பவர் தலையசைப்பார். ஆறு மாதத்தில் மறுபடியும் தொடங்கிவிடலாம் என்று அவர் என்னிடம் யோசனை கேட்க வந்தபோது, உடன் வந்திருந்த மனைவி கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த நிகழ்வு திரும்பியது. "ஏங்க, இந்தத் தடவ எந்தக் கணக்க வச்சுத் தொடங்கப் போறீங்க?"

பழைய கணக்கு நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, மூன்றாம் முயற்சியின் நடுவில், நோட்டு செல்லாத குழப்பம் தணிந்து வேலை சீராக ஓடிய நான்கு மாதங்களை மட்டும் எடுத்துப் பிரித்தோம். அப்போது தைத்தது பெரும்பாலும் காலர் வைத்த டி-ஷர்ட். கூலி பீஸுக்கு 32 ரூபாய். தனக்கு 28 ரூபாய்க்குள் முடிகிறது, நான்கு ரூபாய் நிற்கிறது என்று அவர் நம்பியிருந்தார். அந்த 28 ரூபாயில் ஆட்களின் சம்பளம் 25, வாடகையும் மின்சாரமும் 2.60. நூல், ஊசி, எண்ணெய் ஆகியவற்றுக்கு ஆன 1.20 அதில் சேரவில்லை. தையல் குறையுள்ள ஆல்டர் பீஸ்களைப் பிரித்துத் தைத்த நேரம், துணிக்கட்டு வராமல் ஆட்கள் சும்மா இருந்த நாட்கள், குறை சொல்லிக் கூலியில் கம்பெனி பிடித்த டெபிட் ஆகியவை சேர்ந்து 2.70. இவற்றைக் கூட்டினாலே 31.50.

வட்டி அதற்கும் மேலே. வாரச் சம்பளம் ஏறத்தாழ 40,000 ரூபாய். கம்பெனியிடமிருந்து பணம் வந்தது சராசரியாக மூன்று மாதம் கழித்து. அதாவது பதின்மூன்று வாரச் சம்பளமான 5,20,000 ரூபாய் எப்போதும் வெளியே நின்றது. அந்தப் பணம் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியது. மாதம் 15,600 ரூபாய் வட்டி, மாதம் தைத்தது சுமார் 6,900 பீஸ், பீஸுக்கு 2.25 ரூபாய். ஆக, 33.75 செலவில் தைத்து 32க்குக் கொடுத்திருக்கிறார். மாதம் 12,000 ரூபாய் நட்டம். இதில் கணவன், மனைவி இருவரின் உழைப்புக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவாக எழுதப்படவில்லை.

எதுவும் கெடாத, வேலை நிறைந்த மாதங்களின் கணக்கு இது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு முயற்சிகளின் நோட்டுகள் இவ்வளவு விவரமாக இல்லை. ஆனாலும் பாக்கி நாட்களும் வட்டி விகிதமும் அவற்றிலும் ஏறக்குறைய இப்படியே இருந்தன. வெளியிலிருந்து விழுந்த அடிகள் யூனிட்டை வேகமாக மூடின. அவை விழாமல் இருந்திருந்தாலும் ஓரிரு ஆண்டுகளில் அது மூடியேதான் இருக்கும். இன்னும் அதிகம் உழைத்து, இன்னும் அதிகம் தைத்திருந்தால் நட்டம் அதற்கேற்பக் கூடியிருக்கும். அந்த எண்களைப் பார்த்தபின் அவர் வெகுநேரம் பேசவில்லை. தன் உழைப்பின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கையை உடைத்துவிட்டேனோ என்று அன்று வருந்தினேன். அடுத்த ஞாயிறு அவராகவே ஒரு புதிய நோட்டோடு வந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, கடன் தீரும் வரை தொடங்குவதில்லை என்பது. இதில் கணவருக்கு உடன்பாடில்லை. வயது நாற்பத்தாறு ஆகிவிட்டது, கண் மங்குகிறது, ஊசியில் நூல் கோப்பதற்கே வெளிச்சத்தைத் தேட வேண்டியிருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று ஆண்டு போனால் யார் வேலை தருவார்கள் என்பது அவர் வாதம். மனைவியின் வாதம் எளிமையானது: மூன்று வட்டியைச் சுமந்துகொண்டு தொடங்கினால் முதல் நாளே பீஸுக்கு இரண்டு ரூபாய் பின்னால் நிற்கிறோம். எண் அவர் பக்கம் இருந்தது. கணவர் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். கடன் கொடுத்த மூவரையும் நேரில் பார்த்து, ஒளிவுமறைவில்லாமல் நிலையைச் சொன்னார்கள். இருவர் வட்டியை நிறுத்தி அசலை மட்டும் வாங்க ஒப்புக்கொண்டனர், மூன்றாமவர் வட்டியைப் பாதியாக்கினார். மிச்சமிருந்த இயந்திரங்களை விற்றதுபோக, மாதம் 14,000 முதல் 16,000 வரை கட்டினார்கள்.

இரண்டாவது முடிவு, சொந்தக் கையில் நான்கு வாரச் சம்பளம் இருக்கும் அளவுக்கே ஆட்களை வைப்பது. யூனிட்டின் அளவை ஆர்டர் தீர்மானிக்காமல் கையிருப்பு தீர்மானிக்க வேண்டும் என்பது இதன் பொருள். மூன்றாவது, எந்த வேலையாக இருந்தாலும் பத்து பீஸ் மாதிரி தைத்து, நிமிடத்தைக் குறித்துக்கொண்ட பிறகே கூலி பேசுவது. இதை அவர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த காலத்திலேயே கற்றார். ஒவ்வொரு தையலுக்கும் எத்தனை நொடி என்று அங்கே குறித்துவைப்பதை முதன்முதலில் அக்கறையோடு பார்த்தார். பதினான்கு ஆண்டு டெய்லராக இருந்தபோது அந்தத் தாளைத் தன்னை விரட்டும் கருவியாக மட்டுமே கண்டதாகச் சொன்னார்.

நான்காவது முடிவு பணம் வரும் நாளைப் பற்றியது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வட்டியும் உண்டு. இதை நான் எடுத்துச் சொன்னபோது, "கேஸ் போட்டா அடுத்த கட்டு யார் அனுப்புவாங்க, சார்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் சட்டத்தை நம்பி நிற்பதைவிட, முன்பணம் தரக்கூடிய வாடிக்கையாளரைத் தேடுவது என்று முடிவாயிற்று.

ஊரடங்கும் நான்காம் தொடக்கமும்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஏறத்தாழ 50,000 ரூபாய் கடன் மீதம். சம்பளம் நின்றது. மே மாதத்தில் ஊரெங்கும் முகக்கவசம் தைக்கும் வேலை வந்தது. இரவல் வாங்கிய இரண்டு இயந்திரங்களில், வீட்டு முன்னறையில், கணவனும் மனைவியும் தைத்தார்கள். மருந்துக்கடைகளும் சிறு கடைகளும் ஐந்நூறு, ஆயிரம் என்று வாங்கி, பொருளைக் கொடுத்ததும் பணம் கொடுத்தன. பெரிய வருமானம் இல்லை. ஆனால் சிறிய லாட் (ஒரு தடவையில் தைக்கும் பீஸ்களின் தொகுதி), கைமேல் காசு என்ற முறை இந்த ஊரிலும் நடக்கும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டது அப்போதுதான். டிசம்பரில் கடைசிக் கடன் தீர்ந்தது.

2021 ஜனவரியில் இரண்டு ஓவர்லாக், ஒரு ஃபிளாட்லாக், ஒரு சிங்கிள் நீடில் என நான்கு பழைய இயந்திரங்களோடு ஒரு சிறு ஷெட்டில் தொடங்கினார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எடுத்தார்கள். பழைய தவணை தவறியிருந்ததால் கணவர் பெயரில் வங்கிக் கடன் கிடைக்கவில்லை. மனைவியின் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து 60,000 ரூபாய் கிடைத்தது. ஏற்றுமதி வேலையை எடுக்கவில்லை. விளையாட்டுச் சீருடை விற்கும் கடைகள், பள்ளிகள், உள்ளூர் குழுக்கள் ஆகியோருக்கு நூறு முதல் முந்நூறு பீஸ் வரையிலான லாட் மட்டும். துணிக்கட்டு இறங்கும்போது கூலியில் பாதி, சரக்கு சலானோடு வெளியேறும் நாளில் மீதி. மிகவும் தெரிந்தவருக்கு 15 நாள்.

சிறு லாட்டை யூனிட்டுகள் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. நிறத்துக்கு நிறம் நூலை மாற்ற வேண்டும். பாலியெஸ்டர் துணிக்கு ஊசியும் தையல் இழுப்பும் வேறு. டெய்லரின் கை ஒரு வேலையில் பழகுவதற்குள் லாட் முடிந்துவிடும். அந்த நேரத்தையும் நிமிடக் கணக்கில் சேர்த்துக் கூலி கேட்டார். பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். மீதிப்பேர் கொடுத்தார்கள், ஏனென்றால் நூறு பீஸை ஒழுங்காகத் தைத்துத் தர வேறு ஆள் அவர்களுக்கு அமையவில்லை. இங்கே அவருடைய வயது உதவியது. முப்பதாண்டுப் பழக்கத்தில், யார் சொன்ன நாளில் பணம் கொடுப்பார், யார் சரக்கு போனபின் டெபிட் போடுவார் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருகாலத்தில் கூட வேலை பார்த்த கட்டிங் மாஸ்டர்கள் இருவர் இப்போது சிறு வியாபாரிகளாகியிருந்தனர். முதல் ஆறு மாத வேலை அவர்களிடமிருந்து வந்தது.

பின்னர் நடந்தவை

முதலாண்டில், இருவருக்கும் டெய்லர் கூலியைச் செலவாக எழுதியபின் நின்றது மாதம் 6,000 ரூபாய். அவர் இதைத் தோல்வியின் தொடக்கம் என்று பயந்தார். எனக்கோ, பதினாறு ஆண்டில் முதன்முறையாகக் கூட்டல் பக்கம் நின்ற எண் அது.

2022 ஜூனில் சறுக்கினார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நேரத்தில் மூன்று பள்ளிகளின் சீருடையை ஒன்றாக எடுத்தார்கள். நான்கு வாரக் கையிருப்பு என்ற தங்கள் விதியையே மீறி ஆட்களைச் சேர்த்தார்கள். ஒரு பள்ளிக்கு ஒன்பது நாள் தாமதமாயிற்று. கூலியில் பத்தில் ஒரு பங்கு பிடித்தம். வேறொரு கடைக்காரர் காத்திருந்து சலித்து விலகினார். நட்டத்தை அந்த மாதமே கணக்கிட்டதால் அது அடுத்த மாதத்துக்குத் தாவவில்லை. அந்த ஆண்டே மனைவி பெயரில் 3,50,000 ரூபாய் முத்ரா கடன் கிடைத்து, இயந்திரங்கள் ஏழாயின.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஏற்றுமதி கம்பெனி 20,000 பீஸ் தருவதாகவும், பணம் 75 நாளில் என்றும் சொன்னது. மகன் எடுக்கச் சொன்னான்; எப்போதும் நூறு பீஸ் தைத்துக்கொண்டே இருக்க முடியுமா என்று கேட்டான். கேட்டது நியாயமே. கணக்குப் போட்டபோது ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய் கூலி வெளியே நிற்கும் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார்கள். அந்த ஆர்டரை எடுத்த யூனிட்டுக்குப் பணம் ஐந்து மாதத்தில் முழுமையாக வந்தது. எனவே அந்த மறுப்பு அவர்களைப் பெரிய ஆபத்திலிருந்து காத்தது என்று நான் எழுத மாட்டேன். தங்களால் ஐந்து மாதம் காத்திருக்க முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். முந்தைய மூன்று முயற்சிகளில் இல்லாதது அந்த அறிவுதான்.

2024 மார்ச்சில் ஒன்பது இயந்திரங்கள், பதினொரு பணியாளர்கள். பத்துப் பேரைத் தொட்டதும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்தார்கள். ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்படி யோசனை சொன்னவர்கள் இருந்தனர். தன் கைவிரலில் ஊசி ஏறியபோது சொந்தக் காசில் தையல் போட்டுக்கொண்ட நினைவு அவரை அதற்கு இணங்கவிடவில்லை. இருவரின் கூலியும் கடன் தவணையும் போக, மாதம் சராசரியாக 40,000 ரூபாய் நின்றது. திருப்பூர் அளவுகோலில் இது சிறு தொகை. கணவருக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. 2005க்குப் பிறகு சனிக்கிழமை காலையில் பயமில்லாமல் எழுவது இப்போதுதான் என்று அவர் சொன்னதை, நான் எந்த எண்ணைவிடவும் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

மாற்ற வேண்டியவை

மீண்டும் தொடங்குவதானால் எதை மாற்றுவீர்கள் என்று இருவரையும் தனித்தனியே கேட்டேன். கணவர், 2009இல் முதல் யூனிட்டை மூடிய வாரமே நோட்டைப் பிரித்துப் பார்த்திருப்பேன் என்றார். அப்போது முப்பத்தாறு வயது. பார்த்திருந்தால் இரண்டாம், மூன்றாம் முயற்சிகள் வேறுவிதமாக அமைந்திருக்கக்கூடும். என் தரப்பிலும் ஒரு குறை உண்டு. 2017இல் அவர் என்னிடம் வந்தபோது வரிப் பதிவைப் பற்றி மட்டும் பேசி அனுப்பினேன். கூலிக் கணக்கை அப்போதே கேட்டிருந்தால் அந்த யூனிட்டின் கடைசி ஏழெட்டு மாத நட்டத்தையாவது தவிர்த்திருக்கலாம். இப்போது புதிதாக வரும் எந்தச் சிறு யூனிட்டிடமும், பணம் எத்தனை நாளில் வருகிறது, அந்த இடைவெளியை எந்தக் கடன் நிரப்புகிறது என்ற இரண்டையும் கேட்காமல் நான் வரிப் படிவத்தைத் தொடுவதில்லை.

யூனிட்டில் இன்னும் தீராத பலவீனங்கள் இருக்கின்றன. ஆண்டின் பாதி வருமானம் மார்ச் முதல் ஜூன் வரையிலான சீருடைக் காலத்தில் வருகிறது. மழை மாதங்களில் இயந்திரங்கள் பாதி நேரம் சும்மா நிற்கின்றன. வாடிக்கையாளர்களைத் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே; அவர் படுத்தால் யூனிட்டும் படுக்கும். மகனை அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தும் வேலை தாமதமாகத்தான் தொடங்கியிருக்கிறது.

மனைவி சொன்ன பதில் தொழிலைப் பற்றியதல்ல. 2011இல் மகள் நிரப்பாமல் வைத்த விண்ணப்பத்தை நிரப்ப வைத்திருப்பேன் என்றார். திருமணமாகி அதே ஊரில் வசிக்கும் அந்த மகள்தான் 2021 முதல் யூனிட்டின் நிமிடக் கணக்கை எழுதுகிறாள். காலர் வைக்க எத்தனை நிமிடம், சைடு அடிக்க எத்தனை நிமிடம் என்பது அவள் நோட்டில்தான் இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்தாள். ஆண்டுக் கணக்கை முடிக்க நான் பேரேட்டைப் பார்த்தபோது, அவளுடைய படிப்புக் கட்டணம் குடும்பச் செலவில் இல்லை. "கடன் திருப்பியது" என்ற தலைப்பின்கீழ், தாயின் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அதை நான் மாற்றவில்லை.